இருபத்தைந்து கையெழுத்து

இருபத்தைந்து கையெழுத்து வேண்டும். மாலை ஆறு மணிக்குள் வேண்டும். காலை பதினொன்றாகியும் கார்முகிலின் கையில் இருந்த தாளில் ஒன்றுகூட விழவில்லை.

தப்பு அவளுடையதுதான், வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. ஊற்றுக்கண் அறக்கட்டளை கேட்ட தாள்களில் கடினமானதையெல்லாம் முதலில் முடித்தாள். ஆங்கிலத் தேர்வு எழுதினாள். போலீஸ் சான்றிதழுக்கு அலைந்தாள். மார்க் பட்டியலில் முத்திரை வாங்க காலேஜுக்கு நான்கு முறை பஸ் ஏறினாள். 'ஊர் ஒப்புதல்' என்ற ஒரு தாளை மட்டும் கடைசிக்கு வைத்தாள். ஊர்தானே, அரை மணி நேர வேலை என்று நினைத்துவிட்டாள். நெய்வேலி டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த பிள்ளைகள் சொந்த ஊரைப் பற்றி நினைப்பதெல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

அந்த அறக்கட்டளைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நெதர்லாந்தில் நிலத்தடி நீரைப் பற்றி இரண்டு வருடம் படிக்க மொத்தச் செலவையும் அதுவே ஏற்கும். ஆனால் படிப்பு உனக்கு இல்லை, உன் ஊருக்கு என்று சொல்லிவிடும். படித்து முடித்ததும் திரும்பி வந்து இரண்டு வருடம் பிறந்த ஊரில் வேலை செய்ய வேண்டும். ஊரும், 'இது எங்கள் பெண், இவள் வந்தால் கூட நிற்போம்' என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வீட்டுக்கு ஒருவர், இருபத்தைந்து வீடு, ரத்த உறவு கூடாது.

சென்னை அலுவலகத்திலிருந்து ஆனி மேடம் நேற்றே போனில் சொல்லியிருந்தார். "ஆறு மணிக்கு சைட் மூடிடும் கார்முகில். உங்களுக்கு அடுத்து ஒரு பையன் வெயிட்டிங்ல இருக்கான். அப்புறம் நான் நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

கம்மாபுரத்திலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டரில் வேம்பங்கொல்லை. பன்னிரண்டு வயதில் அவள் விட்டுப் போன ஊர். ஏரிக்கரைக்குக் கீழே வாய்க்காலில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. ஊரில் பாதிப்பேர் அங்கேயே இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று ஸ்கூட்டியை நிறுத்தி, தாளை எடுத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

நன்றாகத்தான் கேட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு வாய் சாமியம்மாள்தான். ஐம்பது வயது, யாருக்கும் அடங்காத குரல். "ஏரோப்பிளேன்லயா போவப்போற?" என்று கேட்டாள்.

"ஆமாம் அத்தை."

"தண்ணி பத்திப் படிக்க அம்மாந்தூரம் போவணுமா? இங்க தண்ணி இல்லன்னு எங்களுக்கே தெரியுமே."

எல்லோரும் சிரித்தார்கள். கார்முகிலும் சிரித்துவிட்டு, "ஏன் இல்லாம போச்சுன்னு கண்டுபிடிக்கணும் அத்தை. வாரா வாரம் கெணத்த அளந்து எழுதணும். ஏரிய மறுபடி எப்படி நிரப்பறதுன்னு பாக்கணும்" என்றாள்.

சிரிப்பு சட்டென்று நின்றது. பேனாவை நீட்டினாள். பக்கத்தில் இருந்தவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அதற்கு அடுத்தவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டார். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

"ஒங்கப்பன் ஒங்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?" என்றாள் சாமியம்மாள்.

"என்ன சொல்லணும்?"

பதில் சொன்னது சாமியம்மாள் இல்லை. கொஞ்சம் தள்ளி, ஒற்றை மாட்டைக் கயிற்றில் பிடித்தபடி கரைமேல் உட்கார்ந்திருந்த கலியன். அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறாள்.

"தனகோட்டி பொண்ணு காயிதம் எடுத்துக்கினு வந்துருக்கு. மேல எடம் காலியா கெடக்குது. கீழ நாம கையெழுத்து போடணுமாம்." அவர் அவளைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துச் சொன்னார். "பதினோரு வருசத்துக்கு முந்தி ஒங்கப்பன் எடுத்துக்கினு வந்ததும் இதே மாரி ஒண்ணுதான்."

பிறகு சாமியம்மாள் சொன்னாள். வெளியூர் மண் கான்ட்ராக்டர் ஒருவன் ஊரில் கூட்டம் போட்டு பிஸ்கெட்டும் டீயும் கொடுத்தான். கூட்டத்துக்கு வந்தவர்களின் அட்டெண்டன்ஸ் என்று சொல்லி, வீடு வீடாக ஒரு தாளை எடுத்துப் போனவர் தனகோட்டி. பத்தாவது படித்தவர், நம்ம ஆள் என்று எல்லோரும் போட்டார்கள். தாளின் மேல்பாதி காலியாக இருந்தது. ஒரு மாதம் கழித்து லாரிகள் வந்து நின்றபோதுதான், அந்தக் காலி இடத்தில் 'ஏரியில் மண் எடுக்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதியிருப்பது தெரிந்தது. மூன்றடி எடுக்கிறேன் என்றவன் முப்பதடி எடுத்தான். அடியில் இருந்த களிமண்ணும் போயிற்று. பெய்கிற மழை நிற்பதில்லை. அந்த வருடமே தனகோட்டிக்கு அவன் சிபாரிசில் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்து, குடும்பத்தோடு நெய்வேலிப் பக்கம் போய்விட்டார்.

"அன்னிலேர்ந்து காலி எடம் இருக்கற காயிதத்துல இந்த ஊர்ல எவனும் கைய வெக்கறதில்ல. அதுவும் ஒங்க வூட்டுக் காயிதத்துல" என்றாள் சாமியம்மாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் கார்முகிலுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அப்பாவுக்கு முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு விடும். மைன்ஸ் கேட்டுக்கு வெளியே டீக்கடை ஓரத்தில் அவள் நின்றாள். தனகோட்டி ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, புருவமெல்லாம் கரித்தூளோடு வந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கையெழுத்து வாங்கிட்டியா?"

"ஏரி மண்ணுக்குக் காயிதம் எடுத்துக்கிட்டுப் போனது நீங்களாப்பா?"

மலர்ந்த முகத்தில் ஈயாடவில்லை. டீ சொல்லப் போனவர் சொல்லாமல் நின்றார். "அவன் ஏமாத்திட்டாம்மா. அட்டெண்டன்ஸுன்னுதான் சொன்னான்" என்று மென்று விழுங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதை வுடு. மணி ரெண்டேகால் ஆவுது. அந்த ஜனம் போடாது. நான் போட்டுத் தரேன்."

"என்னது?"

டீக்கடை பெஞ்சில் கிடந்த தினசரியின் ஓரத்தில் அவர் எழுதிக் காட்டினார். கலியன் கையெழுத்து, கடைசியில் ஒரு நீண்ட இழுப்பு. சாமியம்மாள் கையெழுத்து, பெயருக்குக் கீழே இரண்டு புள்ளி. "எல்லாருதும் எனக்கு ஞாபகம் இருக்கு. யாரு நேர்ல போயி பாக்கப் போறாங்க? இருவத்தஞ்சி பேரு, பத்து நிமிசம்." பதினோரு வருடம் கழித்தும் கை நடுங்காமல், மறக்காமல் எழுதினார். ஏமாந்தவன் இவ்வளவு ஞாபகம் வைத்திருப்பானா என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், கார்முகில் பையிலிருந்து அந்தத் தாளை வெளியே எடுத்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெயிட்டிங்கில் இருக்கும் அந்தப் பையனை நினைத்தாள். மூன்று வருடம் ராத்திரி பகலாகப் படித்ததை நினைத்தாள். இருபத்து மூன்று வயதில் யாருக்கும் இதைவிடப் பெரிய கதவு திறக்காது. அப்பா கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தாளை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வண்டில ஏறுங்க. ஊருக்குப் போலாம்."

"நான் அந்த ஊருக்குள்ள கால் வெச்சி பதினோரு வருசம் ஆச்சி."

"தெரியும். வரலைன்னா இங்கேயே மேடத்துக்கு போன் போட்டு, எனக்கு வேணாம், அந்தப் பையனுக்கே குடுத்துடுங்கன்னு சொல்லிடுவேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. தனகோட்டி பின்சீட்டில் ஏறினார்.

மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வேலை முடிந்து ஜனம் ஏரிக்கரை வேப்பமரத்தடியில் இருந்தது. தனகோட்டி வண்டியிலிருந்து இறங்கியதும் பேச்சு அடங்கியது. யாரும் வா என்று சொல்லவில்லை. தோண்டி முடித்த ஏரியை அவர் முதன்முறையாகப் பார்த்தார். லாரி போன தடம் இன்னும் சரிவில் இருந்தது; நட்டநடு ஏரியில் வீடு மூழ்கும் பள்ளம், அதன் அடியில் சீமைக்கருவேலம்.

"மன்னிச்சிடுங்க. என்னை ஏமாத்திட்டான்" என்று ஆரம்பித்தார்.

"நிறுத்து" என்றார் கலியன். மாட்டுக்கயிறு இன்னும் கையில் இருந்தது. "அந்தக் காயிதத்த நாங்க தாலுக்கா ஆபீசுல நகல் வாங்கிப் பாத்தோம் தனகோட்டி. நாப்பத்தோரு கையெழுத்து இருந்துச்சி. ஊர்ல பத்தாவது படிச்சவன் நீ. மொதக் கையெழுத்து ஒன்னுதுதான இருக்கணும்? ஒன் பேரு அதுல இல்ல. ஏன் இல்ல?"

கார்முகில் அப்பாவின் பக்கத்தில் போய் நிற்கவில்லை. மணி நான்கை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் மறுபடி பொய் சொன்னால் எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் பிரார்த்தனைகூடச் செய்யவில்லை, வெறுமனே அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும்" என்றார் தனகோட்டி. "மண்ணுக்குத்தான்னு தெரியும். முப்பதடி எடுப்பான்னு தெரியாது. ஆனா மண்ணுக்குன்னு தெரியும். அதனாலதான் நான் போடல. வேல வாங்கித் தரேன்னான். இதுக்கு அப்ப பன்னண்டு வயசு. நல்லாப் படிக்குது, இந்த ஊர்ல கெடந்தா களையெடுக்கத்தான் போவும்னு..."

கார்முகில் பள்ளத்தைப் பார்த்தாள். படித்த பள்ளிக்கூடம், போட்ட யூனிபார்ம், ஆங்கிலம், இதோ கையில் இருக்கும் தாள், எல்லாம் அந்தப் பள்ளத்திலிருந்து வெட்டி எடுத்ததுதான். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. "நான் போறேன் அத்தை. ஒங்களைக் கையெழுத்து கேக்க எனக்கு வாய் இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியின் பக்கம் திரும்பினாள்.

"எங்கடி போற? நில்லு" என்று அதட்டினாள் சாமியம்மாள். "இன்னாம்மோ படிக்கப் போறேன்னு கூட்டத்தக் கூட்டிட்டு, பாதில கம்பி நீட்டினா ஆச்சா? ஏரிய நிரப்ப வழி பாக்கறேன்னு சொன்னியே, அது நெசமா, பேச்சா?"

"நெசந்தான் அத்தை."

"அப்ப எழுதிக் குடு. இத்தினி வருசமா வர்றவனுக்கெல்லாம் நாங்கதான் எழுதிக் குடுத்துக்கினு இருக்கோம். எங்களுக்கு எவனாச்சும் ஒரு வரி எழுதிக் குடுத்துருக்கானா? திரும்பி வருவேன், இந்த ஊர்ல ரெண்டு வருசம் வேலை செய்வேன்னு நீ எழுது. வூட்டுக்கு ஒண்ணு. அப்பறம் நாங்க போடறமா இல்லியான்னு பாரு."

மணி நான்கு பத்து. பையில் இருந்த நோட்டைப் பிரித்துத் தாள்களைக் கிழித்தாள். வண்டி சீட்டை மேஜையாக்கி எழுத உட்கார்ந்தாள். 'கார்முகில் ஆகிய நான் படிப்பு முடிந்ததும் வேம்பங்கொல்லைக்குத் திரும்பி வந்து...' ஐந்தாவது தாளில் கை வலித்தது, பத்தாவதில் விரல் மரத்தது. இருபத்தைந்தாவது தாளில் பெயரெழுதி முடித்தபோது ஐந்தே கால். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு தாளாக வாங்கி, படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கலியன் தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பத்தாது. கீழ ஒங்கப்பன் கையெழுத்து வேணும்."

தனகோட்டி பேனாவை வாங்கினார். ஊரார் கையெழுத்தையெல்லாம் நடுங்காமல் எழுதிய கை, சொந்தப் பெயரை எழுதும்போது நடுங்கியது. இருபத்தைந்து தாளிலும் போட்டார். வியர்வை சொட்டி இரண்டு தாளில் மை பரவிற்று. அதையும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"இப்ப ஒன் காயிதத்தக் குடு" என்றார் கலியன். அறக்கட்டளைத் தாளை வாங்கி, மேலே அலுவலக உபயோகத்துக்கென்று எழுதாமல் விட்டிருந்த மூன்று வரிகளின் மீதும் பேனாவை வைத்துக் குறுக்கே கோடு இழுக்கப் போனார்.

"பெரியப்பா!" கார்முகில் பதறிப்போனாள். "அடிச்சா செல்லாது. கீழயே போட்டுருக்கான், அடித்தல் திருத்தல் இருந்தா ஏத்துக்க மாட்டோம்னு."

"அடிக்கலன்னா கையெழுத்து கெடையாது."

அவரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மணி ஐந்து இருபத்தைந்து. வேறு தாள் கையில் இல்லை. இருந்தாலும் அதிலும் காலி இடம் இருக்கும். அவள் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "அடிங்க" என்றாள்.

கலியன் அடித்தார். மூன்று வரியிலும் கோடு. ஓரத்து வெள்ளை இடத்திலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அப்புறம் கையெழுத்துப் போட்டார்; கடைசியில் அந்த நீண்ட இழுப்பு. சாமியம்மாள் போட்டு இரண்டு புள்ளி வைத்தாள். பேனா கை மாறியது. இருபத்தைந்தாவது பெயர் விழுந்தபோது ஐந்து நாற்பத்திரண்டு.

கரைக்குக் கீழே சிக்னல் கிடையாது. கார்முகில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரைமேல் ஓடினாள். படம் எடுத்து ஏற்றினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த நிமிடம் போன் அடித்தது.

"கார்முகில், ஃபார்ம் பூரா கோடு போட்டிருக்கு" என்றார் ஆனி மேடம். "இதை கமிட்டி ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. வேற காப்பி இருக்கா? இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"இல்ல மேடம். இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். எங்க ஊர்ல கோடு போடாம கையெழுத்து கெடையாது."

"ஏன்?"

பின்னாலிருந்து ஒரு கை வந்து போனை வாங்கியது. கரையேறி வந்த மூச்சிரைப்போடு கலியன் பேசினார்.

"யம்மா, நான் வேம்பங்கொல்லைலேர்ந்து கலியன் பேசறேன். கோடு போட்டது நாந்தாங்க, அந்தப் பொண்ணு இல்ல. முன்ன ஒருக்கா காலி எடத்துல கையெழுத்து போட்டு ஏரியத் தொலச்சிட்டோம். அதான் பயந்துக்கினு அடிச்சோம். ஒங்க மேல சந்தேகம் இல்லீங்க. கையெழுத்து நெசம். வேணும்னா இங்கதான் எல்லாரும் நிக்கறோம், ஒவ்வொருத்தரா பேரு சொல்லச் சொல்றேன். அந்தப் பொண்ண அனுப்பி வுடுங்க. அது வந்துரும். வருவேன்னு எங்ககிட்ட எழுதிக் குடுத்துருக்கு."

கார்முகில் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து ஐம்பத்து மூன்று.

"எழுதிக் குடுத்திருக்காளா? அந்தத் தாளை போட்டோ எடுத்து இது கூடவே ஏத்தச் சொல்லுங்க ஐயா" என்றார் ஆனி மேடம். "கமிட்டிகிட்ட நான் பேசறேன். என்ன சொல்வாங்கன்னு தெரியாது. ஆனா பேசறேன்."

கலியன் சட்டைப் பையிலிருந்து தன் தாளை எடுத்துப் பிரித்து, படம் எடுக்க வசதியாக வெளிச்சத்தில் பிடித்தார். ஐந்து ஐம்பத்தேழுக்கு அது போய்ச் சேர்ந்தது.

கீழே இறங்கும்போது கலியன் கேட்டார். "வாரா வாரம் கெணத்த அளக்கணும்னு சொன்னியே. நீ அங்க போயிட்டா ரெண்டு வருசத்துக்கு யாரு அளப்பா?"

"நான் வரேன்" என்றார் தனகோட்டி, யாரும் அவரைக் கேட்காமலே. "ஞாயித்துக்கெழம எனக்கு ஆஃப்."

கலியன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அளந்து எழுதி, கீழ கையெழுத்து போடணும். நான் பாப்பேன்."

பதினொரு நாள் கமிட்டி அவளைக் காய வைத்தது. பன்னிரண்டாம் நாள் மெயில் வந்தது. செப்டம்பரில் அவள் நெதர்லாந்து போனாள்.

ஒவ்வொரு ஞாயிறும் அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு படம் வரும். நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம். நான்கு கிணறு, தரையிலிருந்து தண்ணீர் வரை நான்கு ஆழம், கீழே தனகோட்டி என்ற கையெழுத்து. அதற்குக் கீழே மிச்சம் இருக்கும் வெள்ளை இடம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு. அந்தக் கோடு கலியனுடையது. மழை பெய்தாலும் பொங்கலானாலும் ஒரு வாரம் தப்பாது. சித்திரையில் ஆழம் ஏறியது, ஐப்பசியில் கொஞ்சம் இறங்கியது; கோடு மட்டும் மாறாமல் வந்தது. அவள் பாடத்துக்கு வேண்டிய எண்ணை எடுத்துக்கொண்டு, கோட்டைப் பார்க்காமல் தாண்டிவிடப் பார்ப்பாள். முடியாது.

இரண்டாம் வருடம் மாசியில் ஒரு ஞாயிறு படம் வந்தது. நான்கு கிணறு, நான்கு ஆழம், அப்பாவின் கையெழுத்து. அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமனே கிடந்தது. கார்முகில் பதறி, சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அப்பாவுக்கு போன் போட்டாள்.

"கலியன் பெரியப்பாவுக்கு என்னாச்சுப்பா? கோட்டைக் காணோம்?"

"நல்லாத்தான் இருக்காரு" என்றார் தனகோட்டி. "நானும் பேனாவ நீட்டினேன். வாங்கல. 'இருக்கட்டும் வுடு'ன்னு சொல்லிட்டு மாட்டப் புடிச்சிக்கினு போய்ட்டாரு."